டி செக்‌ஷனின் எண்பத்து நான்கு

ஏகமனதாக. இந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால் ஹில்டாவுக்கு ஒரு தொல்லையும் வந்திருக்காது. மற்ற வகுப்புகளிலிருந்து வந்த தாள்களில் பாதிக்கு மேல் அந்தச் சொல்தான் இருந்தது. ஏ செக்‌ஷனில் ஏகமனதாக, பி செக்‌ஷனில் ஏகமனதாக, சி-யிலும் ஏகமனதாக, மூன்றாம் வருஷ எக்கனாமிக்ஸிலும் ஏகமனதாக. பி.யு.சி. டி செக்‌ஷன் தாளில் மட்டும் ஹில்டா நடந்ததை நடந்தபடி எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு. ஆகஸ்டு மாதம் நாட்டுக்குப் புதிய குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க நாள் குறித்திருந்தார்கள். தூத்துக்குடியில் அதைப் பற்றிப் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. சுவரில் போஸ்டர் இல்லை, மைக் செட் இல்லை, ஜீப்பில் நின்று கும்பிட்டுக்கொண்டு வருகிற ஆளும் இல்லை. ஓட்டுப் போடப் போகிறவர்கள் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தானே, நமக்கென்ன என்று ஊர் தன் பாட்டுக்கு உப்பு அள்ளிக்கொண்டும் மூட்டை ஏற்றிக்கொண்டும் இருந்தது. ஆனால் அந்தக் கல்லூரியில் மட்டும் குடியரசுத் தலைவர் தேர்தல் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் மாதிரி அமளிப்பட்டது. காரணம் வேதமணி சார்.

வேதமணி சார் நாசரேத்துக்காரர். அவர் அப்பாவும் வாத்தியார், அப்பாவைப் பெற்றவரும் வாத்தியார். அரசியல் பாடம் நடத்துவார். கோபம் வராது, வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். போன வருஷம் வரைக்கும் மாணவர் பேரவைத் தலைவரை எல்லாருமாக நேரடியாக ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். போன வருஷம் நாற்காலிகள் பறந்தன, நூலகத்து ஜன்னல் உடைந்தது, போலீஸ் வேன் வந்து நின்றது. இனிமேல் தேர்தலே வேண்டாம் என்று நிர்வாகம் கதவைச் சாத்தப் பார்த்தபோது, நடுவில் காலை வைத்துத் தடுத்தவர் சார்தான். அவர் சொன்ன வழிக்குக் குடியரசுத் தலைவர் முறை என்று பெயர். வகுப்புக்கு ஒரு பிரதிநிதி. அந்தப் பிரதிநிதி போடுகிற ஓட்டுக்கு மதிப்பு, வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை. பிரதிநிதிகள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நாட்டில் எந்தச் சனிக்கிழமை நடக்கிறதோ அதே சனிக்கிழமை இங்கேயும்.

இதை விளக்க அவர் கரும்பலகையில் போட்ட கணக்கு ஹில்டாவுக்கு மறக்கவே இல்லை. உத்தரப்பிரதேசத்து எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டுக்கு மதிப்பு இருநூற்றெட்டு. நம் ஊர் எம்.எல்.ஏ. ஓட்டுக்கு நூற்றெழுபத்தாறு. ஆயிரம் ஜனத்துக்கு ஒன்று என்று வருகிறது. "இதுல ஓட்டுப் போடுறவர் ஒருத்தர்தான். ஆனா அவர் கைக்குப் பின்னால நூத்தெழுபத்தாறாயிரம் கை இருக்கு. ஒரு ஜனம்கூட விட்டுப்போகாத கணக்கு இது" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு பெருமையாகத் திரும்பினார்.

டி செக்‌ஷன் என்பது கடைசியில் சேர்ந்தவர்களைப் போட்டு வைத்த வகுப்பு. பெரியதாழை, மணப்பாடு, ஆலந்தலை, புன்னைக்காயல் என்று கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் பாதி. முத்தையாபுரத்திலிருந்தும் மாப்பிள்ளையூரணியிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்களும் உள்ளூர்க்காரர்களும் மீதி. சைக்கிள் ஷெட்டை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எண்பத்து நான்கு பேர். மதியத்துக்கு மேல் அங்கே பாடம் நடத்துகிறவருக்கும் வேர்க்கும், கேட்கிறவருக்கும் வேர்க்கும். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாதது வருகைப் பதிவு. தெற்கேயிருந்து வருகிற பஸ் பிந்தினால் முதல் மணி போயிற்று. அந்த ஒரு மணிக்கு அரை நாள் ஆப்சென்ட் போடுவது என்று இந்த வருஷம் புதிதாக ஓர் உத்தரவு. இப்படியே போனால் மார்ச்சில் வகுப்பில் பாதிப் பேருக்குப் பரீட்சை எழுத நாள் போதாது.

தலைவர் பதவிக்கு நின்றவர்கள் இரண்டு பேர். சுந்தரராஜ் மூன்றாம் வருஷ எக்கனாமிக்ஸ். அப்பா கப்பல் ஏஜெண்ட். நிர்வாகத்துக்கு வேண்டிய பையன். செந்தூர்பாண்டி இரண்டாம் வருஷம். முத்தையாபுரத்தில் தொழிலாளர் குடியிருப்பில் வீடு. அவனும் அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவன். அரை நாள் உத்தரவை எடுக்க வைப்பேன் என்று அவன் சொன்னான். டி செக்‌ஷனின் எண்பத்து நான்கும் அவனுக்குத்தான் என்பது கேன்டீன்காரருக்குக்கூடத் தெரியும். அந்த எண்பத்து நான்கைச் சுமந்துகொண்டு போகப் போவது யார் என்பதில்தான் சிக்கல் வந்தது.

பர்னபாஸ் பெரியதாழைக்காரன். சிலுவை தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவன். இரண்டு பேரும் நிற்கிறேன் என்றார்கள். ஓட்டுக்கு விட்டால் தெற்கத்திப் பையன்கள் ஒரு பக்கம், ஊர்ப் பையன்கள் ஒரு பக்கம் என்று வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும். யார் ஜெயித்தாலும் தோற்ற பக்கம் வருஷம் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒரே தூக்குச் சட்டியில் சோறு தின்கிறவர்கள் அவர்கள்.

அப்போதுதான் யாரோ ஒருத்தன், குறி போட்டுவிடுவோம் என்றான். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கூட்டு வலையில் பட்ட மீனைக் கரையில் கூறு கூறாக வைப்பார்கள். பங்குக்காரர்கள் ஆளுக்கொரு பொருளைக் கொடுப்பார்கள். ஒருத்தன் பித்தான் கொடுப்பான், ஒருத்தன் சிப்பி, ஒருத்தன் பீடித் துண்டு. எது யாருடையது என்று தெரியாத ஓர் ஆளைக் கூப்பிட்டு, கூறுக்கு ஒன்றாக வைக்கச் சொல்வார்கள். பித்தான் எந்தக் கூறில் விழுந்ததோ அது பித்தான்காரனுக்கு. பெரிய கூறு கிடைத்தவனும் பேசமாட்டான், சின்னக் கூறு கிடைத்தவனும் பேசமாட்டான். பேச்செல்லாம் குறி போடுவதற்கு முன்னால்தான்.

பர்னபாஸ் சட்டைப் பித்தானைக் கொடுத்தான். சிலுவை பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக் கொடுத்தான். இன்னும் இரண்டு மூன்று பேருக்கு ஆசை வந்து அவர்களும் கொடுத்தார்கள். ஹில்டா பேனா மூடியைக் கழற்றி நீட்டினாள். பையன்கள் சிரித்தார்கள். "ஏளா, நீயுமா?" என்றான் சிலுவை. பங்குக்காரி பங்கு கேட்டால் சிரிப்பு என்ன என்று அவள் கேட்டாள். சிலுவையே கையை நீட்டி வாங்க, பேனா மூடியும் சேர்ந்தது. வகுப்பே சம்மதமா என்று இரண்டு தடவை கேட்டு, கோட்டில் விழுகிற பொருள்காரரே பிரதிநிதி என்று ஒரு பெஞ்சின் அடியில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்து, வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பியூன் நல்லக்கண்ணு அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பொருள்களைக் கொடுத்தார்கள். அவர் ஒன்றும் புரியாமல் பெஞ்சுக்கு ஒன்றாக வைத்துவிட்டு, வேறு வேலை இல்லையா உங்களுக்கு என்று கேட்டுவிட்டுப் போனார். கோடு போட்ட பெஞ்சில் இருந்தது பேனா மூடி.

ஓட்டு எடுத்திருந்தால் ஹில்டாவுக்குப் பத்துப் பேர்கூடக் கை தூக்கியிருக்கமாட்டார்கள். அது அவளுக்கே தெரியும். ஆனால் குறி விழுந்த பிறகு ஒருத்தன்கூட முனகவில்லை. பர்னபாஸ் தன் பித்தானைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "போட்டும். எழுதுளா, நல்லா எழுது" என்று தாளை அவள் பக்கம் தள்ளினான்.

அவளும் நல்லாத்தான் எழுதினாள். சாத்தான்குளத்தில் அத்தை வீட்டிலிருந்து படித்த பள்ளிக்கூடத்தில், கூட்டம் நடந்தால் அதை வரிசை பிசகாமல் எழுத வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். வகுப்பு கூடியது. இருவர் போட்டியிட முன்வந்தனர். பிளவு வரும் என்று கருதி, வகுப்பில் உள்ள அனைவரின் சம்மதத்தோடு, கடற்கரை வழக்கப்படி குறி போடப்பட்டது. குறி ஏ. ஹில்டாவுக்கு விழுந்தது. அவரே டி செக்‌ஷனின் பிரதிநிதி.

மறுநாள் வேதமணி சார் கூப்பிட்டனுப்பினார். ஆசிரியர் அறையில் அவர் முன்னால் அந்தத் தாள் கிடந்தது. "குறி போடப்பட்டது" என்ற இடத்துக்குக் கீழே சிவப்பு மையால் கோடு.

குறி போடுவது தேர்தல் ஆகாது என்று அவர் நிதானமாகச் சொன்னார். தேர்தல் என்றால் ஓட்டு இருக்க வேண்டும், அல்லது எல்லாரும் ஒரே பெயரைச் சொல்லி ஏகமனதாக இருக்க வேண்டும். ஜனாதிபதி தேர்தலிலேயே கடைசி இடத்தில் இருவர் சமமாக நின்றால் சீட்டுப் போட்டுத்தான் ஒருவரை நீக்குவார்கள் என்று நீங்கள்தானே சார் நோட்ஸ் கொடுத்தீர்கள் என்று ஹில்டா கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அது ஓட்டு எண்ணின பிறகு, ஓட்டுக்குப் பதிலாக இல்லை என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது ஹில்டாவுக்கும் பட்டது. அதனால்தான் அடுத்த கேள்வியைக் கேட்டாள். பி செக்‌ஷனில் ஓட்டு நடந்ததா?

பி செக்‌ஷனில் நடந்தது கல்லூரிக்கே தெரியும். வகுப்பு ஆசிரியர் வந்தார், முதல் பெஞ்சில் இருந்த பையனைக் காட்டினார், நீ எழுதிக் கொடு என்றார். அவன் ஏகமனதாக என்று எழுதிக் கொடுத்தான். எல்லாம் சேர்ந்து ஒரு வெற்றிலை போடுகிற நேரம்.

தாளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் நான் பார்க்க முடியும் என்றார் சார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, இந்தத் தாளை நான் கிழித்துவிடுகிறேன், நீ வேறொன்று எழுதிக் கொடு, ஒரே ஒரு வரி மாறினால் போதும் என்றார். உண்மையாகவே உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார்.

ஹில்டா தாளைத் தொடவில்லை. எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். டி செக்‌ஷனுக்குப் பிரதிநிதி இல்லை என்று ஆகும் என்றார். அவள் இன்னும் நகராததைப் பார்த்து, சமாதானமாகச் சொல்வது போல் இதையும் சொன்னார்.

"குஜராத்துல சட்டசபையக் கலைச்சாச்சு. அவங்க ஓட்டு இல்லாமலே ஜனாதிபதி தேர்தல் நடக்கலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டுது. டி செக்‌ஷன் இல்லாம இந்தக் காலேஜுக்கு ஒரு தலைவன் வரமாட்டானா?"

"குஜராத்துல இப்ப சட்டசபையே கிடையாது சார். நாங்க இங்கனதான இருக்கோம்" என்றாள் ஹில்டா.

வீட்டில் அப்பா இருந்தார். அம்புரோஸ், சரக்குத் தோணியை ஓட்டிப் போகிற தண்டல். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று ஓய்கிற வரைக்கும் தோணி கொழும்புக்குப் போகாது என்பதால், ஆடி ஆவணியில் வீட்டில் உட்கார்ந்து எல்லார் விஷயத்திலும் தலையிடுவார். ஹில்டா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கா மூஞ்சியத் தூக்கிட்டு வந்த? எழுதிக் குடுத்துட்டுப் போயேம்ளா. கஸ்டம்ஸ்ல நாங்க எழுதாத பொய்யா?" என்றார். அந்தத் தாள் கேட்கிற சொல்லை அதில் போட்டுவிட வேண்டும், நம் மனசில் இருப்பதை நாம் வைத்துக்கொள்ள வேண்டும், முப்பது வருஷமாகத் தோணி ஓடுவது அப்படித்தான் என்பது அவர் கட்சி.

அவர் வாயை அடைக்க ஹில்டா நூற்றெழுபத்தாறு கணக்கைச் சொன்னாள். ஆயிரம் பேருக்கு ஒன்று என்றதும் அம்புரோஸ் விரலை மடக்கித் தெருவிலுள்ள வீடுகளை எண்ணினார். "அப்ப நம்ம தெருவே சேந்தாலும் ஒரு ஓட்டு தேறாது போலுக்கே. சரி, அந்த எம்.எல்.ஏ. நம்மளக் கேட்டுட்டா போடுதாரு?"

கேட்கவில்லை. யாரும் யாரையும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க ஹில்டாவின் தலைக்குள் ஓடியது இதுதான். குஜராத்தில் அவள் வயசுப் பிள்ளைகள் தெருவில் இறங்கிச் சட்டசபையைக் கலைக்க வைத்தார்கள். அதில் எத்தனை பேர் குடியரசுத் தலைவர் தேர்தலை நினைத்திருப்பார்கள்? இப்போது அவர்களுடைய நாட்டுக்கு ஒரு தலைவர் வரப்போகிறார், அவர்கள் சட்டசபையிலிருந்து ஒரு கைகூட இல்லாமல். கோர்ட்டு சொன்னது, தேர்தலை நிறுத்த முடியாது என்று. சரி. நிறுத்த முடியாது என்பதும், அவர்கள் இல்லாதது குறையே இல்லை என்பதும் ஒன்றா? வேதமணி சார் அந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கட்டிவிட்டார்.

இன்னொன்றும் இருந்தது. குறியால் வந்த தான் பிரதிநிதிதானா என்ற கேள்வியை அவள் தன்னிடமே கேட்டுப் பார்த்தாள். பி செக்‌ஷன் பையனை அவன் வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. தன்னை ஒருவரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் குறி போடலாமா என்று எண்பத்து நான்கு பேரையும் கேட்டார்கள்; எண்பத்து நான்கு பேரும் சரி என்றார்கள்; தோற்றவனே தாளை அவள் பக்கம் தள்ளினான். அந்தச் சம்மதம்தான் அவளிடம் இருந்த ஒரே சொத்து. அதை அழித்துவிட்டு ஏகமனதாக என்று எழுதினால், அடுத்த வருஷம் யாராவது ஆசிரியர் வந்து முதல் பெஞ்சைக் காட்டும்போது டி செக்‌ஷனும் வாயை மூடிக்கொண்டு அதே சொல்லைத்தான் எழுத வேண்டும்.

இதை வகுப்பில் சொன்னால் வகுப்பு கேட்கவில்லை. பர்னபாஸ்தான் அதிகம் கொதித்தான். அவன் ஞாயிற்றுக்கிழமை பெரியதாழைக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை திரும்புகிறவன். அவனுக்கு ஒரு திங்கட்கிழமைகூட முதல் மணி கிடைத்ததில்லை. "ஒரு வார்த்தைளா. ஒரே வார்த்தை. அத எழுதினா உன் கை அழுகிருமா? செந்தூர்பாண்டி தோத்தாம்னா, நான் பரீட்சை எழுதலைன்னா, அது உன்னாலதான் பாத்துக்க" என்றான். பெஞ்சுகளில் ஆமாம் ஆமாம் என்று சத்தம் எழுந்தது. சிலுவை மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹில்டாவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் உட்காரவில்லை. "நீங்கதான் குறி போட்டிய. இப்ப மாத்தணும்னா மறுபடியும் எல்லாருமாச் சொல்லுங்க, குறிய விட்டுக் குடுத்துருதேன். வேற ஆளு போய்ப் பொய் எழுதிக் குடுக்கட்டும். கரையில குறி விழுந்த பிறகு கூறை மாத்துனவன் எவனாவது உண்டா?"

பர்னபாஸ் கோபம் தணியாமலே உட்கார்ந்தான். ஆனால் குறியை விட்டுக் கொடு என்று அவனும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. கல்லூரி அரங்கத்தில் மேடையில் பெரிய கரும்பலகை. இடது பக்கம் வகுப்புகளின் பெயர், வலது பக்கம் மதிப்பு. பி.யு.சி. ஏ, பி, சி என்று வரிசையாக எழுதி, அடுத்த வரியில் முதல் வருஷம் என்று தொடங்கியிருந்தார் சார். நடுவில் ஒரு வரி விட்டுப்போனது என்று யாருக்கும் தோன்றாத அளவுக்கு நெருக்கமாக, அழகாக எழுதியிருந்தார்.

பெயர் கூப்பிடப்பட்டவர்கள்தான் உள்ளே போகலாம். வாசலில் நல்லக்கண்ணு அண்ணாச்சி நின்றார். ஹில்டா வந்ததைப் பார்த்து, தன் கையிலிருந்த பெயர்ப் பட்டியலையும் பார்த்தார். பிறகு கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டு நாற்காலியை எடுத்துவர அந்தப் பக்கம் போனார். ஹில்டா உள்ளே நடந்தாள். ஜன்னல்களுக்கு வெளியே டி செக்‌ஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

டி செக்‌ஷன் பெயரைக் காணோமே சார் என்று அவள் மேடைக்குக் கீழே நின்று கேட்டாள். அது செல்லாது என்று சொல்லியாயிற்றே என்றார் சார். பிரதிநிதிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"செல்லாதுன்னா அத எழுதுங்க சார். சி-க்குக் கீழ டி-ன்னு போட்டு, அதுக்கு நேரா சைபர்னு எழுதுங்க. எழுதுனா நான் போயிருதேன்."

வேதமணி சார் சாக்பீஸை எடுத்தார். சி-க்கும் முதல் வருஷத்துக்கும் நடுவிலிருந்த கொஞ்சம் இடத்தில் டி என்று இடுக்கி எழுதினார். வலது பக்கத்துக்குக் கையைக் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. ஆயிரம் ஜனத்துக்கு ஒன்று என்று அவர் போட்ட கணக்கும், ஒரு ஜனம்கூட விட்டுப்போகாது என்று சொன்ன சொல்லும் அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். ஜன்னல் கம்பிகளில் எண்பத்து மூன்று முகங்கள் இருந்தன. "எழுதிருங்க சார், நேரமாகுதுல்ல" என்றான் முன் வரிசையிலிருந்த சுந்தரராஜ். சார் அவனைத் திரும்பிப் பார்த்தார். சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைத்துவிட்டு, டி-க்கு நேரே வெறுமையாக விட்டபடி, ஓட்டுப் பதிவைத் தொடங்கினார்.

எழுதாததால் ஹில்டாவும் போகவில்லை. முழு நேரமும் அங்கேயே நின்றாள். பிரதிநிதிகள் ஒவ்வொருவராக அவளைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெட்டியில் சீட்டைப் போட்டார்கள். பி செக்‌ஷன் பையன் அவளைத் தாண்டும்போது குனிந்துகொண்டான்.

எண்ணி முடித்தார்கள். சுந்தரராஜ் ஐந்நூற்று நாற்பத்தெட்டு. செந்தூர்பாண்டி நானூற்றுத் தொண்ணூற்றேழு. சார் இரண்டையும் பலகையில் எழுதி, சுந்தரராஜ் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அறிவித்தார். முன் வரிசை கை தட்டியது.

கைதட்டல் ஓய்வதற்குள் ஹில்டா மேடையில் ஏறினாள். விளிம்பிலிருந்த சாக்பீஸை எடுத்து, டி-க்கு நேரே 84 என்று எழுதினாள். செந்தூர்பாண்டியின் எண்ணுக்குக் கீழே அதே 84-ஐ எழுதி, கோடு போட்டுக் கூட்டினாள். 581. பெரிய பெரிய எழுத்தாக, பின் வரிசைக்கும் ஜன்னலுக்கும் தெரிகிற மாதிரி.

அழித்துவிடு ஹில்டா என்றார் சார், ஏறக்குறைய கெஞ்சுகிற குரலில்.

"தப்பாக் கூட்டியிருந்தா சொல்லுங்க சார். அழிச்சிருதேன்."

கணக்குத் தெரிந்த மனிதர். அவர் கண் தன்னையறியாமல் பலகைக்குப் போயிற்று. ஏழும் நான்கும், ஒன்பதும் எட்டும் ஒன்றும் என்று உதடு அசைந்ததை முன் வரிசையே பார்த்தது. டஸ்டரை எடுத்தார். வைத்தார். கோப்புகளை அள்ளிக்கொண்டு பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டார்.

ஜன்னலிலிருந்து முதலில் வந்தது பர்னபாஸின் விசில்தான்.

திங்கட்கிழமை அரங்கத்துப் பலகை கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. முடிவு இறுதியானது, பலகைகளில் எழுதுவோர் மேல் நடவடிக்கை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஹில்டா அரங்கத்துப் பக்கம் போகவில்லை. தன் வகுப்புப் பலகையில் அதே கூட்டலை எழுதினாள். முதல் மணிக்கு வந்த ஆசிரியர் அழித்தார். இரண்டாம் மணிக்கு முன்னால் மறுபடி எழுதினாள். அடுத்தவர் அழித்தார். பஸ் பிந்தி அரை நாள் ஆப்சென்ட் வாங்கிக்கொண்டு வந்த பர்னபாஸ், மதியம் அவள் கையிலிருந்து சாக்பீஸை வாங்கித் தானே எழுதினான். அவள் மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று சொல்லத் தெரியாது. ஆனால் அந்த 84-ஐப் பலகையில் பாதி இடத்துக்கு எழுதினான்.

செவ்வாய்க்கிழமை சுந்தரராஜே வந்தான். மகளிர் செயலாளர் என்று ஒரு பதவி இருக்கிறதாம், அதற்குத் தேர்தல் கிடையாதாம், தலைவர் பார்த்து நியமிக்கலாமாம். இந்தப் பலகை விளையாட்டை மட்டும் விட்டுவிட்டால் போதும்.

"எத்தனை பேரக் கேட்டு நியமிப்பிய?" என்றாள் ஹில்டா. அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு டி.சி. கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அது வெறும் மிரட்டல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அன்றிரவுச் செய்தியில் நாட்டின் புதிய குடியரசுத் தலைவர் யார் என்று ரேடியோவில் சொன்னார்கள். குஜராத் என்ற பெயரே செய்தியில் வரவில்லை. அம்புரோஸ் ரேடியோவை அணைத்துவிட்டு, மகள் முகத்தைப் பார்த்தார். "நாளைக்கும் எழுதப் போறியோ?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். கஸ்டம்ஸ் கதையை அவர் மறுபடி எடுக்கவில்லை. தோணியில் சரக்கு மூட்டைக்குக் குறியிட வைத்திருந்த கட்டிச் சாக்பீஸ் இரண்டைத் தேடி எடுத்து, அவள் புத்தகத்தின் மேல் வைத்தார்.

புதன்கிழமை காலை அவள் வராந்தாவில் வரும்போது பி செக்‌ஷன் வாசலில் வேதமணி சார் நின்றுகொண்டிருந்தார். கையில் டஸ்டர். ஹில்டா கதவோரமாக எட்டிப் பார்த்தாள். பலகையில் அவளுடைய கூட்டல் இருந்தது, அவளுடைய கையெழுத்தில் இல்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி:

பி: 79. எங்களை யாரும் கேட்கவில்லை.

இதை யார் எழுதினது என்று சார் கேட்டார். முதலில் இரண்டாவது பெஞ்சிலிருந்து ஜெயபாய் எழுந்தாள். பக்கத்திலிருந்தவள் எழுந்தாள். அதற்குப் பின்னால் பெஞ்சு பெஞ்சாகக் கால்கள் உரசுகிற சத்தம். கடைசியாக, முதல் பெஞ்சில் இருந்த அந்தப் பையனும் எழுந்து நின்றான். சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை; கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஹில்டா அங்கே நிற்கவில்லை. சைக்கிள் ஷெட்டைத் தாண்டித் தன் வகுப்புக்குப் போனாள். புதுக் கட்டிச் சாக்பீஸை எடுத்து 84 என்று எழுதினாள். அதற்குக் கீழே 79 என்று எழுதினாள். அதற்கும் கீழே, சி செக்‌ஷன் எழுதிக்கொள்ள ஒரு வரி இடம் விட்டுவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.